வெயில்மேல் போட்ட பழி: அமெரிக்கத் தென்குடியேற்றங்களில் அடிமைமுறை வேர்விட்ட விதம்

அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமைமுறை ஏன் வேரூன்றியது என்ற கேள்விக்கு வெகுகாலம் ஒரே பதில் சொல்லப்பட்டுவந்தது. அங்கே வெயில் கடுமை. கரையோரம் முழுக்கச் சதுப்பு. புகையிலையும் நெல்லும் ஓயாமல் ஆள் கேட்கும் பயிர்கள். குளிர்நாட்டு ஆங்கிலேயரின் உடம்பு அந்த வேலைக்கு ஈடுகொடுக்காது. அதனால் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பதிலில் மனிதர் எவரும் முடிவெடுப்பதில்லை. மண்ணும் வெயிலும் கொசுவும் இட்ட கட்டளைக்கு அவர்கள் கீழ்ப்படிந்ததாக ஆகிவிடுகிறது. இந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பை விட்டுவைத்திருக்கிறது. ஒரே கடற்கரையில் ஆங்கிலேயர் மூன்று வெவ்வேறு காலங்களில், மூன்று வெவ்வேறு ஏற்பாடுகளோடு குடியேறினார்கள்: 1607இல் வர்ஜீனியா, 1670இல் கரோலினா, 1733இல் ஜார்ஜியா. முதலாவதில் அடிமைமுறை ஏறக்குறைய நூறாண்டு எடுத்துக்கொண்டு மெல்ல உருவானது. இரண்டாவதில் தொடக்கத்திலேயே வந்திறங்கியது. மூன்றாவதில் சட்டம் போட்டுத் தடுக்கப்பட்டு, பதினைந்து ஆண்டு கழித்து அனுமதிக்கப்பட்டது. வெயில்தான் காரணமென்றால் இப்படி மூன்று வழி பிரிந்திருக்காது. நிலத்தை யாருக்கு எவ்வளவு கொடுப்பது, உழைப்பவரை எத்தனை காலம் கட்டிவைப்பது, அவருக்குப் பிறக்கும் பிள்ளை யாருக்குச் சொந்தம் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆண்டவர்கள் எழுதிய விடைகளில்தான் அடிமைமுறையின் பிறப்பு இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வர்ஜீனியாவிலிருந்து தொடங்கலாம். லண்டன் வணிகர்களின் வர்ஜீனியா கம்பெனி 1607 மே மாதத்தில் ஜேம்ஸ்டவுனில் இறக்கியவர்கள் நூற்றுச் சொச்சம் ஆண்களும் சிறுவர்களும். பசியும் நோயும், பௌஹாட்டன் தலைமையிலான பூர்வகுடிகளோடு மூண்ட மோதலும் அவர்களை வாரிக்கொண்டுபோயின. 1609–10 குளிர்காலத்தில் ஜேம்ஸ்டவுனில் பிழைத்தவர் அறுபது பேர் அளவே. கம்பெனி பல்லாயிரம் பேரை அனுப்பியும் 1625 கணக்கெடுப்பில் உயிரோடிருந்த குடியேறிகள் சுமார் 1,200 பேர்தான். குடியேற்றத்தைக் காப்பாற்றியது புகையிலை. ஜான் ரோல்ஃப் பயிரிட்டுப் பார்த்த மேற்கிந்தியத் தீவு ரகம் 1610களின் நடுவில் லண்டன் சந்தைக்குப் போகத் தொடங்கியது. புகையிலைக்கு ஆள் வேண்டும். ஆளைக் கொண்டுவரக் கம்பெனி கையிலெடுத்த கருவி நிலம். 1618இல் வந்த விதிப்படி, கப்பல் செலவை ஏற்று ஒருவரைக் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர். ஆளைக் கொண்டுவந்தவருக்கு நிலமும் கிடைத்தது, அதில் உழைக்கக் கையும் கிடைத்தது. இப்படி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இங்கிலாந்தின் ஏழை இளைஞர்கள். நான்கு முதல் ஏழு ஆண்டுவரை சம்பளமின்றி உழைப்பதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்துக் கப்பலேறியவர்கள் இவர்கள்.

1619 ஆகஸ்டு இறுதியில் ‘ஒயிட் லயன்’ என்ற கப்பல் இருபதுக்குச் சற்று அதிகமான ஆப்பிரிக்கர்களை வர்ஜீனியாவின் பாயின்ட் கம்ஃபர்ட் முனையில் இறக்கியது. அங்கோலாவில் பிடிக்கப்பட்டு, போர்த்துகீசியக் கப்பலொன்றில் மெக்சிகோவுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களை நடுக்கடலில் கொள்ளையடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். இந்த ஆண்டை அமெரிக்க அடிமைமுறையின் தொடக்கம் எனக் குறிப்பது வழக்கம். ஆனால் அதற்குப் பின் அரை நூற்றாண்டு கடந்தும் புகையிலைத் தோட்டங்களில் பெரும்பகுதி வேலையைச் செய்தவர்கள் ஆங்கிலேயர்களே. ஆளுநர் வில்லியம் பெர்க்லி 1671இல் லண்டனுக்கு அனுப்பிய அறிக்கையில் குடியேற்றத்தின் மக்கள்தொகை 40,000க்கு மேல் என்றும், அவர்களில் ஒப்பந்தப் பணியாளர் 6,000, கறுப்பின அடிமைகள் 2,000 என்றும் கணக்குக் காட்டினார். இந்தக் கணக்கு முக்கியமானது. அதே வெயில், அதே பயிர், அதே சதுப்பு. அறுபது ஆண்டுக்கு மேலாக அந்த வேலையைச் செய்துவந்த கைகள் பெரும்பாலும் வெள்ளைக் கைகள். ஐரோப்பிய உடம்பால் முடியாது என்ற வாதம் வர்ஜீனியாவின் முதல் அறுபது ஆண்டுக் கணக்கிலேயே அடிபட்டுப்போகிறது.

அந்த அறுபது ஆண்டுகளில் ஆப்பிரிக்கர்களின் நிலை என்ன? அதைப் பொற்காலமாகக் காட்டத் தேவையில்லை. 1640இல் தப்பியோடிப் பிடிபட்ட மூன்று பணியாளர்களில் இரண்டு ஐரோப்பியருக்கு நான்காண்டுக் கூடுதல் பணி விதித்த நீதிமன்றம், ஜான் பஞ்ச் என்ற ஆப்பிரிக்கருக்கு மட்டும் ஆயுள் முழுக்க ஊழியம் விதித்தது. பாகுபாடு அப்போதே இருந்தது. ஆனால் கதவு முழுக்க அடைபட்டிருக்கவில்லை. 1621இல் ‘அந்தோனியோ’ என்று பதிவாகி வந்திறங்கிய ஆப்பிரிக்கர் பின்னர் விடுதலை பெற்று, அந்தோனி ஜான்சன் என்ற பெயரில் 1651இல் 250 ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளரானார். ஐந்து பேரைக் கொண்டுவந்த கணக்கில் கிடைத்த நிலம் அது. அவரே ஓர் ஆப்பிரிக்கரைத் தனக்கு உரியவராக வைத்திருக்க நீதிமன்றம் ஏறி வென்றும் இருக்கிறார். எலிசபெத் கீ என்ற பெண், தன் தந்தை ஆங்கிலேயர், தான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர் என்று வாதாடி 1656இல் விடுதலை பெற்றார். அடிமை நிலை யாருக்கு, எவ்வளவு காலம், எந்த அடிப்படையில் என்பது அப்போது எழுதப்பட்ட சட்டமாக இல்லை. வழக்குக்கு வழக்கு மாறியது. ஆண்டைகளுக்குத் தொல்லையாக இருந்தது இந்த நிச்சயமின்மைதான்.

அந்தத் தொல்லையை வர்ஜீனியா சட்டமன்றம் ஒவ்வொரு சந்தாக அடைத்துக்கொண்டே வந்தது. எலிசபெத் கீ தந்தைவழியைக் காட்டி வென்ற ஆறே ஆண்டில், 1662இல், பிள்ளை தாயின் நிலையையே பெறும் என்று சட்டம் வந்தது. ஆங்கிலப் பொதுச்சட்டம் தந்தைவழியைக் கணக்கில் கொள்வது. இங்கே அது தலைகீழாக்கப்பட்டது. ஆண்டைக்கு அடிமைப் பெண்ணிடம் பிறக்கும் பிள்ளையும் ஆண்டையின் சொத்தாகும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். 1667இல் ஞானஸ்நானம் யாரையும் விடுவிக்காது என்று சட்டம் செய்து, கீ காட்டிய இரண்டாவது வழியையும் மூடினார்கள். 1669இல், தண்டிக்கும்போது அடிமை இறந்துபோனால் ஆண்டை கொலைக்குற்றவாளி ஆகமாட்டார் என்றார்கள். மறு ஆண்டு அந்தோனி ஜான்சன் இறந்தபோது, அவர் கறுப்பர், ஆகவே அந்நியர் என்று வர்ஜீனியா நடுவர் குழு தீர்ப்புச் சொல்ல, அவர் விட்டுச்சென்ற நிலம் பிள்ளைகளுக்குப் போகாமல் போனது. 1691இல் வெள்ளையர்–கறுப்பர் திருமணம் தடைசெய்யப்பட்டது. விடுவிக்கப்படும் அடிமை குடியேற்றத்தைவிட்டே வெளியேற்றப்பட வேண்டும் என்றும் விதித்தார்கள். 1705இல் இவையெல்லாம் ஒரே தொகுப்பாகக் கட்டப்பட்டன. இந்தச் சட்டங்களில் எதற்கும் வெயிலோடு சம்பந்தமில்லை. மன்றத்தில் உட்கார்ந்து கைதூக்கியவர்கள் புகையிலைத் தோட்டங்களின் சொந்தக்காரர்கள். எந்த வழக்கில் தோற்றார்களோ அந்த வழக்கு மறுபடி வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஏன் அந்தக் காலத்தில் என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. 1660களுக்குப் பிறகு இங்கிலாந்தில் பிறப்பு குறைந்து கூலி ஏறியதால் ஒப்பந்தத்தில் வர முன்வரும் இளைஞர்கள் குறைந்தார்கள். 1672இல் அமைந்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியும், 1698இல் அதன் ஏகபோகம் உடைந்த பின் தனி வணிகர்களும் ஆப்பிரிக்கர்களைக் கூடுதலாகக் கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் முன்போல உடனே இறக்காத நிலை உருவானபோது, ஆறாண்டு உழைப்பை வாங்குவதைவிட ஆயுள் உழைப்பை வாங்குவது லாபமானது. எட்மண்ட் மார்கன் 1975இல் வெளியிட்ட ஆய்வு இதோடு அரசியல் காரணம் ஒன்றையும் சேர்த்தது. ஒப்பந்தம் முடிந்து நிலம் கிடைக்காமல் அலைந்த ஏழை வெள்ளையர்கள் 1676இல் நத்தானியல் பேக்கன் தலைமையில் ஆளுநரை எதிர்த்துக் கிளம்பி ஜேம்ஸ்டவுனைக் கொளுத்தினார்கள். கடைசிவரை ஆயுதத்தைக் கீழே வைக்க மறுத்தவர்களில் எண்பது கறுப்பரும் இருபது ஆங்கிலேயரும் சேர்ந்திருந்தார்கள். இந்தக் கலகமே அடிமைமுறையை உண்டாக்கியது என்று சொல்வது மிகை. மேற்சொன்ன சட்டங்களில் பல அதற்கு முன்பே வந்தவை. பேக்கனின் ஆத்திரம் பூர்வகுடிகள் மீதும் பாய்ந்தது. ஆனால் விடுதலையடைந்து நிலமும் உரிமையும் கேட்கும் உழைப்பாளியைவிட, என்றும் விடுதலையடையாத உழைப்பாளி ஆண்டைகளுக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தார் என்பதை மறுக்க முடியாது.

கரோலினாவின் கதை வேறு. வர்ஜீனியா தட்டுத்தடுமாறி எழுதியதைக் கரோலினா ஆயத்தமாகவே கொண்டுவந்தது. இரண்டாம் சார்லஸ் மன்னர் 1663இல் எட்டுப் பிரபுக்களுக்கு இந்த நிலப்பரப்பைச் சாசனமாக எழுதிக்கொடுத்தார். அவர்களில் ஒருவரான ஜான் கோலட்டன் பார்படோஸ் தீவில் தோட்டம் வைத்திருந்தவர். 1627இல் ஆங்கிலேயர் குடியேறிய அந்தச் சிறு தீவு 1640களில் கரும்புக்கு மாறி, நிலமெல்லாம் சில பெரிய ஆண்டைகள் கையில் குவிந்து, இடமில்லாமல் நெருக்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து இளைய மகன்களும் நடுத்தர ஆண்டைகளும் புது நிலம் தேடிப் புறப்பட்டார்கள். அவர்களை ஈர்க்கப் பிரபுக்கள் கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று, அடிமைகளைக் கொண்டுவந்தாலும் அந்தத் தலைக்கணக்கில் நிலம் உண்டு என்பது. ஆஷ்லி கூப்பர் பிரபுவின் செயலாளராக இருந்த தத்துவவாதி ஜான் லாக் கைவைத்துச் சீர்செய்த 1669ஆம் ஆண்டின் அடிப்படை அரசமைப்பு, ஒவ்வொரு சுதந்திரக் குடிமகனுக்கும் தன் கறுப்பின அடிமைகள் மீது முழு அதிகாரம் அளித்தது. முதல் குடியேற்றம் 1670 ஏப்ரலில் ஆஷ்லி ஆற்றங்கரையில்தான் தொடங்கியது. ஆனால் இந்த விதி அதற்கு முந்தைய ஆண்டே எழுதப்பட்டுவிட்டது. சட்டம் முதலில் வந்தது, வயல் பிறகு வந்தது.

நெல் கரோலினாவின் பெரிய ஏற்றுமதிப் பயிரானது 1690களிலும் அதற்குப் பின்னுமே. அதற்கு முந்தைய இருபத்தைந்து ஆண்டுகள் குடியேறிகள் மாடு மேய்த்தார்கள். மான்தோல் வாங்கி விற்றார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்கு இறைச்சியும் மரமும் அனுப்பினார்கள். இவற்றில் எதுவும் முழங்காலளவு தண்ணீரில் நின்று செய்ய வேண்டிய வேலை இல்லை. இருந்தும் அந்த ஆண்டுகளிலேயே மக்கள்தொகையில் கணிசமான பங்கு அடிமைகள். 1672 முதல் 1674 வரை ஆளுநராயிருந்த ஜான் யேமன்ஸ் பார்படோஸ் ஆண்டை. தன் அடிமைகளோடு வந்திறங்கியவர். பூர்வகுடிக் குழுக்களை ஒன்றன்மீது ஒன்று ஏவிவிட்டு, பிடிபட்டவர்களை வாங்கித் தீவுகளுக்குக் கப்பலேற்றும் வணிகமும் தழைத்தது. 1670 முதல் 1715 வரை தென்பகுதியில் இவ்வாறு அடிமையாக்கப்பட்ட பூர்வகுடிகள் 30,000 முதல் 50,000 வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் ஆலன் காலேயின் மதிப்பீடு. பார்படோஸ் 1661இல் இயற்றிய அடிமைச் சட்டத்தின் சாயல் ஜமைக்கா வழியாக 1690களில் கரோலினாவின் சட்டப் புத்தகத்துக்குள் வந்தது. 1708 கணக்கெடுப்பில் வெள்ளையர் 4,080, கறுப்பின அடிமைகள் 4,100, பூர்வகுடி அடிமைகள் 1,400. நெல் இந்த எண்ணிக்கையைப் பிற்பாடு பெருக்கியது உண்மை. ஈரநிலத்தில் நெல் விளைவிக்கும் அறிவை மேற்கு ஆப்பிரிக்கர்களே கொண்டுவந்தார்கள் என்று ஜூடித் கார்னி போன்றோர் சொல்வதை மற்ற ஆய்வாளர்கள் மறுத்தும் இருக்கிறார்கள். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் காலவரிசை மாறாது. அடிமைமுறை நெல்லுக்காக வரவில்லை. ஏற்கெனவே இருந்த அடிமைமுறை நெல்லைப் பெரும்பயிராக்கியது.

சவானா ஆற்றின் மறுகரையில் இருந்த ஜார்ஜியாதான் இந்த வாதத்துக்கு உரைகல். 1732 சாசனத்தின்படி அறங்காவலர் குழு ஒன்று அதை நிர்வகித்தது. ஜேம்ஸ் ஓக்லதார்ப் முதல் குழுவோடு 1733 பிப்ரவரியில் சவானாவில் இறங்கினார். அறப்பணத்தில் வந்த குடும்பத்துக்கு 50 ஏக்கர். யாருக்கும் 500 ஏக்கருக்கு மேல் இல்லை. நிலத்தை இஷ்டம்போல் விற்க முடியாது. ஆண் வாரிசுக்கே சேரும். 1735இல் அடிமைகளைக் கொண்டுவருவதே தடைசெய்யப்பட்டது. இதை மனிதநேயத்தின் வெற்றி என்று கொண்டாட வேண்டியதில்லை. ஓக்லதார்ப்பே ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் துணை ஆளுநராக இருந்தவர். தெற்கே ஃபுளோரிடாவில் இருந்த ஸ்பெயின், தப்பிவரும் அடிமைகளுக்கு விடுதலை தருவதாக 1693 முதலே அறிவித்திருந்தது. எல்லையில் நிற்பவர் ஆயுதமெடுக்கத் தகுந்த சிறு உழவராக இருக்க வேண்டும், தப்பியோடக் காத்திருக்கும் அடிமையாக இருக்கக் கூடாது என்பதுதான் அறங்காவலரின் முதல் கணக்கு. ஆனால் நோக்கம் எதுவாயினும், கரோலினாவின் வெயிலும் சதுப்பும் அப்படியே இருக்க, வேறொரு நில விதியும் வேறொரு உழைப்பு விதியும் அங்கே பரீட்சிக்கப்பட்டன.

அந்தப் பரீட்சை தோற்றதே என்பதுதான் இந்த வாதத்துக்கு எதிரான வலுவான ஆட்சேபம். 1738 டிசம்பரில் சவானாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு, அடிமைகள் இல்லாமல் கரோலினாவோடு போட்டிபோட முடியாது என்று அறங்காவலரிடம் முறையிட்டார்கள். 1751 ஜனவரியில் தடை நீங்கியது. மறு ஆண்டே அறங்காவலர்கள் சாசனத்தைத் திருப்பிக்கொடுத்தார்கள். 1750இல் ஐந்நூறுக்கும் குறைவாக இருந்த அடிமைகள் 1775க்குள் ஏறக்குறைய 18,000 ஆனார்கள். வெயில் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. அவர்கள் கவனிக்க வேண்டிய சாட்சிகள் இரண்டு. சால்ஸ்பர்க்கிலிருந்து மதத்துக்காக விரட்டப்பட்டு எபனேசரில் குடியேறிய ஜெர்மானியர்கள் 1739 மார்ச்சில் எழுதிய மனுவில், வெள்ளையரால் நெல் பயிரிட முடியாது என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாகவும், ஆனால் தங்கள் தேவைக்கு மேலேயே விளைந்துவிட்டதாகவும் குறிப்பிட்டார்கள். டேரியனில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்களும் அதே ஆண்டுத் தொடக்கத்தில் அடிமைமுறை வேண்டாம் என்று மனுக் கொடுத்தார்கள். பின்னதில் ஓக்லதார்ப்பின் தூண்டுதல் இருந்தது என்று ஆய்வாளர்கள் ஐயப்படுவது நியாயம்; எபனேசரில் விளைந்த நெல்லைத் தூண்டுதலால் விளைவிக்க முடியாது. சவானா மனுதாரர்கள் உண்மையில் சொன்னதையும் உற்றுக் கேட்க வேண்டும். நிலத்தை விற்கும் உரிமையையும் சேர்த்தே அவர்கள் கேட்டார்கள். அவர்களுடைய அளவுகோல் உழவர் குடும்பம் பிழைப்பது அன்று, ஆற்றுக்கு அப்பால் கரோலினா ஆண்டை குவித்த செல்வம். அண்டையில் இலவச உழைப்பு சரக்கின் விலையை இறக்கிவைத்திருக்கும்போது கூலி கொடுப்பவர் தோற்பது இயற்கை விதியாலன்று. பக்கத்து ஊர்ச் சட்டத்தால்.

நோயைக் காட்டும் ஆட்சேபம் இன்னும் நுட்பமானது. மேற்கு ஆப்பிரிக்கர்களில் பலருக்கு மலேரியாவை ஓரளவு தாங்கும் பரம்பரைத் தன்மை இருந்தது உண்மை. அவர்களை வாங்குவதில் அது ஆண்டைகளுக்கு அனுகூலமாக இருந்திருக்கலாம். ஆனால் கொடிய வகை மலேரியா இந்தக் கரைக்கு வந்ததே அடிமைக் கப்பல்கள் வழியாகத்தான். விளைவைக் காரணமாகக் காட்டுவது தர்க்கப் பிழை. மேலும் வர்ஜீனியாவில் அடிமைகள் பெருகியது சாவு மிகுந்திருந்த தொடக்க ஆண்டுகளில் அல்ல, சாவு குறைந்த பிற்காலத்தில். நெல்வயல்களில் ஆப்பிரிக்கர்களும் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். அந்த இழப்பைப் புதிதாக வாங்கி ஈடுகட்டினார்கள். தாங்கும் உடம்பைவிட, தாங்காமல் போனாலும் கேள்வி கேட்க ஆளில்லாத உடம்பு என்பதே அங்கே கணக்கில் கூடுதலாக நின்றது.

இனவெறுப்பு முன்பே இருந்ததே, சட்டம் அதை எழுத்தில் வடித்ததுதானே என்று கேட்பவர்களும் உண்டு. ஆஸ்கார் ஹேண்ட்லின் 1950இலும் வின்த்ராப் ஜோர்டன் 1968இலும் எதிரெதிர்ப் பக்கம் நின்று வாதிட்ட பொருள் இது. ஜான் பஞ்ச் தீர்ப்பைப் பார்த்தபின் வெறுப்பு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வெறுப்பு தானாகவே பிறக்காத பிள்ளையைச் சொத்தாக்குவதில்லை. விடுதலை பெற்றவரை ஊரைவிட்டு அனுப்புவதுமில்லை. அதற்குச் சட்டப்பிரிவு வேண்டும், அதை நிறைவேற்ற ஷெரிஃபும் நீதிமன்றமும் வேண்டும். சந்தையின் கணக்கும் இப்படியே. ஆள்விலை ஏற்ற இறக்கம் யார் எப்போது வாங்கினார்கள் என்பதை விளக்கும். அடிமைநிலை ஏன் தலைமுறைக்கும் இறங்கியது என்பதை விளக்காது. சட்டம் நினைத்தால் அந்தச் சந்தையையே நிறுத்தவும் முடிந்தது. 1739 செப்டம்பரில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபின், பயந்துபோன தென் கரோலினா சட்டமன்றம் அடிமை இறக்குமதிமீது தாங்க முடியாத வரியைச் சில ஆண்டுகளுக்குப் போட்டது. ஸ்பெயினோடு நடந்த போரும் சேர்ந்துகொள்ள, இறக்குமதி படுத்துவிட்டது. வெயில் அந்த ஆண்டுகளிலும் அப்படியேதான் காய்ந்தது.

ஆக, மூன்று குடியேற்றங்களும் சேர்ந்து சொல்வது இதுதான். நிலம், உழைப்பு, சட்டமன்றம் மூன்றும் ஒரே கூட்டத்தார் கையில் இருந்த இடத்தில் அடிமைமுறை வளர்ந்தது. அந்த மூன்றையும் வெளியிலிருந்து ஒருவர் பிரித்துவைத்த இடத்தில், அவர் பிடி தளரும்வரை அது நுழையவில்லை. தட்பவெப்பம் எந்தப் பயிர் விளையும் என்பதைத் தீர்மானித்தது. அதை விளைவிப்பவர் மனிதரா உடைமையா என்பதைத் தீர்மானிக்கவில்லை. வெயிலைச் சாட்சிக்கு இழுத்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள், அடிமைகளை வாங்க அனுமதி கேட்டு மனு எழுதிய சவானா குடியேறிகளே என்பதை நினைவில் வைத்தால், பிற்காலப் புத்தகங்கள் எடுத்தாண்ட விளக்கம் வழக்கின் ஒரு தரப்பினருடைய மனு என்பது விளங்கும். வரலாற்றில் ஒன்றைத் தவிர்க்க முடியாதது என்று எழுதுமுன், அதைத் தவிர்க்கக்கூடியவர்கள் யார், தவிர்க்காததால் லாபமடைந்தவர்கள் யார் என்று கேட்க வேண்டும். அமெரிக்கத் தென்பகுதியைப் பொறுத்தவரை இரண்டு கேள்விக்கும் விடை ஒரே பெயர்ப் பட்டியல்தான்.